கம்பளியின் கால்

எனக்குக் குதிரை என்றால் பயம். கல்யாணத்துக்கு முன்பே அவளிடம் சொல்லிவிட்டேன். "பரவாயில்ல, உன்னைப் பார்த்தா அதுக்கும் பயமாத்தான் இருக்கும்" என்றாள். எல்லாவற்றுக்கும் அவளிடம் இப்படி ஒரு பதில் இருக்கும்.

அவள் குதிரை கம்பளியின் காலில் பூச்சி ஏன் போகவே இல்லை என்று கேட்டீர்கள். ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு வரியில் சொன்னால் தப்பாகத் தெரியும். அவள் உயிரோடு இருந்த காலத்திலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

நான் மாவு மில்லில் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். வருகிற கோதுமையில் வண்டு இருக்கிறதா, போகிற மாவில் புழு இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. மருந்துப் புகை சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்க உயிருள்ள பூச்சி வேண்டும். அதனால் நாங்களே வளர்ப்போம். ஒரு கண்ணாடி ஜாடி, அதன் வாயில் மெல்லிய துணி, பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர். சூடும் ஈரமும் சரியாக இருந்து தின்னவும் ஏதாவது கிடைத்தால் எந்தப் பூச்சியும் லேசில் சாகாது. "ஊர்ல எல்லாரும் பூச்சியைக் கொன்னு சம்பளம் வாங்குறாங்க. என் வீட்டுக்காரர் சோறு போட்டு வளர்த்து வாங்குறார்" என்று அவள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அவள் ஊருக்கு வெளியே ஒரு சவாரிப் பள்ளியில் குதிரை பழக்கும் வேலையில் இருந்தாள். கம்பளி பள்ளிக் குதிரை இல்லை, அவளுடைய சொந்தக் குதிரை. குட்டியிலிருந்து வளர்த்தது. பாரவண்டி இழுக்கிற இனம். உடம்பு கறுப்பு. நாலு காலிலும் முழங்காலுக்குக் கீழே வெள்ளை முடி நீளமாக வளர்ந்து குளம்பை மூடிக்கொண்டு தொங்கும். லாயத்தில் அந்த முடியை இறகு என்பார்கள். மற்ற குதிரைகளுக்கு நடுவில் நிற்கும்போது அது மட்டும் தூங்கி எழுந்து பைஜாமாவோடு வந்துவிட்டது போல இருக்கும்.

அந்த முடிக்குள்தான் பூச்சி வந்தது. வெறும் கண்ணுக்கு அது தூசி. தோலில் உதிர்கிற செதிலைத் தின்று பிழைக்கும். அரிப்புத் தாங்காமல் குதிரை காலைத் தூக்கித் தரையில் அடிக்கும். ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்க்கும். தேய்த்துத் தேய்த்துத் தோல் தடித்து, மடிப்பு விழுந்து, பொருக்குக் கட்டி, ரத்தம் கசியும். லாயத்துக்குள் நுழையும் முன்பே தொம் தொம் என்று சத்தம் கேட்கும்.

அதற்கு முன்னால் நாங்கள் எப்படி இருந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். நன்றாகத்தான் இருந்தோம். நான் எழுந்திருக்கும்போது அவள் லாயத்துக்குப் போயிருப்பாள். நான் மில்லிலிருந்து வரும்போது அவள் தூங்கியிருப்பாள். எங்களுக்குள் சண்டை கிடையாது. சண்டை போடுவதற்கும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருக்க வேண்டும்.

ஒருநாள் அவள் மில்லுக்கு வந்தாள். அதுவரை என் வேலை இடத்துக்கு வந்ததே இல்லை. கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பை, அதற்குள் கம்பளியின் காலிலிருந்து சுரண்டிய செதில். "விஞ்ஞானி, இதுக்குள்ள யார் குடியிருக்காங்கன்னு பாரு" என்றாள். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். எட்டுக் காலோடு நடந்துகொண்டிருந்தது. அவளையும் பார்க்கச் சொன்னேன். அவள் குனிந்தபோது அவள் முடி என் கைமேல் விழுந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சனியன், எவ்வளவு அழகா நடக்குது" என்றாள்.

அன்று அவள் என்னோடு மில் கேன்டீனில் சாப்பிட்டாள். என்னோடு வேலை செய்கிறவர்களிடம் பேசினாள். நான் எப்போதும் உட்காருகிற நாற்காலியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அதில் உட்கார்ந்தாள்.

குதிரை டாக்டர் முதலில் மருந்து மட்டும் கொடுத்தார். போகவில்லை. மறுபடி கொடுத்தார். போவது போலப் போய்த் திரும்பி வந்தது. "முடியை எடுத்துடும்மா" என்றார்.

"டாக்டர், அது இல்லாட்டி அவன் கம்பளியே இல்ல."

"மருந்தெல்லாம் முடிதான் குடிக்குது. பூச்சி வரைக்கும் ஒரு சொட்டு போகல. நீ வைத்தியம் பார்க்கிறது முடிக்கா, காலுக்கா?"

கடைசியில் சம்மதித்தாள். நாலு காலையும் ஒட்ட வெட்டினாள். வெட்டும்போது அழுதாள். வெட்டி முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்து, "ஐயோ, கோழிக்கால் மாதிரி இருக்குதுடா உனக்கு" என்று குதிரையிடம் சொல்லிச் சிரித்தாள். கீழே கிடந்த முடியில் ஒரு பிடி எடுத்து என்னிடம் தந்து, "ஞாபகத்துக்கு வச்சிரு. எரிக்க மனசு வரல" என்றாள். நான் அதை மில்லுக்கு எடுத்துப் போய் ஒரு ஜாடியில் போட்டு வைத்தேன். வேறு எண்ணம் எதுவும் அப்போது இல்லை. என் கைக்குப் பழக்கமான பாத்திரம் ஜாடிதான்.

வைத்தியம் நேரம் பிடிக்கிற வேலை. பொருக்கைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, கையால் மெதுவாக எடுக்க வேண்டும். இழுத்தால் ரத்தம் வரும். பிறகு கந்தகமும் சுண்ணாம்பும் கலந்த மஞ்சள் தண்ணீரை ஊற்ற வேண்டும். அழுகிய முட்டை நாற்றம். அவள் வெள்ளி மோதிரம் அந்தத் தண்ணீரில் ஒரே வாரத்தில் கறுத்துப்போனது. அதற்குப் பிறகு காலைச் சுத்தமாக உலர்த்த வேண்டும். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் புண்ணாகிவிடும். துண்டால் துடைத்துவிட்டு ஹேர் டிரையரால் காற்றுக் காட்ட வேண்டும். அது இரண்டு பேர் செய்கிற வேலை. லாயத்தில் வேலை பார்த்தவர் வாளி என்கிறவர். எப்போதும் கையில் வாளியோடு திரிவதால் அந்தப் பெயர். அவருக்கு மற்ற குதிரைகளையும் பார்க்க வேண்டியிருந்தது. அதனால் என்னைக் கூப்பிட்டாள்.

மில்லில் ஷிப்டை மாற்றி வாங்கிக்கொண்டேன். தினமும் காலையில் அவளோடு லாயத்துக்குப் போனேன். ஹேர் டிரையர் என் வேலை. கம்பளிக்கு அந்தச் சூடு பிடித்தது. கீழுதட்டைத் தொங்கப் போட்டுக்கொண்டு கண்ணை மூடி நிற்கும். "என் கல்யாணத்துல கூட எனக்கு யாரும் இவ்வளவு அலங்காரம் பண்ணல" என்பாள். அவள் அதன் காலடியில் குத்துக்காலிட்டுப் பொருக்கு எடுப்பாள். நான் பக்கத்தில் நின்று காற்றுக் காட்டுவேன். அப்போது அவள் பேசுவாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிப்போய் வண்டிக்காரர்களோடு சுற்றியதை, தங்கச்சியைக் கழுதை மேல் உட்காரவைத்துத் தள்ளிவிட்டதை, என்னை முதலில் பார்த்தபோது ஊமையோ என்று நினைத்ததை. கல்யாணமாகி அவ்வளவு நாள் பேசாததையெல்லாம் அந்தக் காலடியில்தான் பேசினோம். என் பயம் பாதி குறைந்துவிட்டது. நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அப்போதுதான். அதை நான் மறைக்க விரும்பவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பண்ணையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வெகு தூரத்தில் மலையடிவாரத்தில் இருக்கிற பெரிய குதிரைப் பண்ணை. அவள் பழக்குகிற விதத்தைப் பார்த்துவிட்டு, அங்கே இளங்குதிரைகளையெல்லாம் அவள் பொறுப்பில் விடுவதாகச் சொன்னார்கள். தங்க இடம் உண்டு. கம்பளியையும் கூட்டிவரலாம். ஒரே நிபந்தனை, தோல் நோய் உள்ள குதிரையை உள்ளே விடமாட்டார்கள். டாக்டர் பார்த்து, காலில் ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகுதான் அனுப்ப முடியும். கம்பளி இல்லாமல் அவள் போகமாட்டாள்.

"நீயும் வா. மில்லு இல்லாத ஊரா? மாவு தின்னாத ஆளா?" என்றாள்.

"பார்க்கலாம்" என்றேன்.

"நீ பார்க்கலாம்னா வரமாட்டேன்னு அர்த்தம். எனக்குத் தெரியாதா? சரி, நான் முதல்ல போறேன். நீ என்னை விட்டு இருக்க முடியாம தானா வருவ."

அவள் சொன்னது வேடிக்கைக்காக. ஆனால் அதை நான் பலமுறை யோசித்தேன். அங்கே அவளுக்கு ஆட்கள் இருப்பார்கள். காலுக்குக் காற்றுக் காட்ட யாராவது இருப்பார்கள். நான் போனால் அவள் தூங்கும்போது வீட்டுக்கு வருகிற ஆளாக மறுபடி ஆகிவிடுவேன். நான் அவளைத் தடுக்கவில்லை. போகாதே என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அது என் குணத்தில் இல்லை.

முடியை வெட்டிய பிறகு மருந்து வேலை செய்தது. தொம் தொம் சத்தம் நின்றது. தோல் இளஞ்சிவப்பாகத் தேறிவந்தது. டாக்டர் கால் செதிலை என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். சுத்தமாக இருந்தது. செதிலும் தூசியும் தவிர ஒன்றும் இல்லை. இரண்டாவது தடவை புதிதாக வைத்துப் பார்த்தேன். அப்போதும் இல்லை. அவள் மில் வாசலில் காத்திருந்தாள். படி இறங்கும்போதுகூட நான் என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது.

"ஒண்ணு இருக்கு" என்றேன்.

அவள் முகம் விழுந்துவிட்டது. பிறகு என் தோளில் தட்டி, "சரி விடு, ஒண்ணுதானே. அதுக்கு நான் பேர் வச்சுக் கூப்பிட்டே வெளியே கொண்டுவர்றேன்" என்றாள். மறுநாள் காலை நாங்கள் இரண்டு பேரும் லாயத்துக்குப் போனோம்.

அது ஒரு வார்த்தைதான். யாருக்கும் கெடுதல் இல்லை. குதிரைக்கு இன்னும் கொஞ்ச நாள் கால் கழுவினோம், அவ்வளவுதான். ஆனால் அடுத்த தடவை டாக்டர் தானே பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். அவரிடமும் ஒரு நுண்ணோக்கி இருந்தது. வார்த்தை அதற்குமேல் போதாது என்று தெரிந்தது.

ஜாடியில் அவள் கொடுத்த முடி இருந்தது. அதில் ஒட்டியிருந்த செதிலில் பூச்சி பிழைத்துக் கிடந்தது. நான் அதைச் சரியான சூட்டில், சரியான ஈரத்தில் வைத்திருந்தேன். துண்டில் ஒட்டி வந்த செதிலை அவ்வப்போது போட்டேன். விதைக்கு எடுத்து வைக்கிறது போலத்தான். கம்பளிக்குப் புதுப் புல் போட்ட பிறகு, கால் படுகிற இடத்தில் கொஞ்சம் உதறிவிட்டு வருவேன். ஒரு சிட்டிகை போதும். மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

வைத்தியம் மறுபடி தொடங்கியது. இந்த முறை டாக்டர் எதையும் விடவில்லை. எல்லாக் குதிரைக்கும் மருந்து. ஊசி. படுக்கைப் புல்லை மொத்தமாக எரிக்கச் சொன்னார். சுவரின் இடுக்கெல்லாம் மருந்து அடிக்கச் சொன்னார். அவள் எல்லாவற்றையும் செய்தாள். பூச்சி போய்விட்டு, திரும்பி வந்தது. டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. புல்லை எரிக்காமல் எங்கேயோ கொட்டியிருக்க வேண்டும் என்றார்.

அது வாளியின் வேலை. "நான் எரிச்சேன்மா. குழி இன்னும் கறுப்பா கிடக்குது, வந்து பாருங்க" என்றார்.

"குழி கறுப்பாத்தான் இருக்குது. கம்பளி கால் சிவப்பா இருக்குதே வாளி. நான் எதை நம்பட்டும்?" என்றாள். அவரிடம் அதற்கு முன் அவள் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. சவாரிப் பள்ளி முதலாளி அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் மில்லில் சொல்லி அவருக்கு மூட்டை ஏற்றுகிற இடத்தில் வேலை வாங்கிக் கொடுத்தேன். அவருக்கு ஒரு குறையும் வரவில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் நின்று கும்பிடுவார். நானும் நலம் விசாரிப்பேன்.

வாளி போன பிறகும் பூச்சி போகவில்லை. அதனால் அவள் தன்னையே சந்தேகப்படத் தொடங்கினாள். பிரஷ்களைக் கொதிக்கவைத்தாள். தன் பூட்ஸை எரித்தாள். லாயத்துத் துணியோடு வீட்டுக்குள் வரமாட்டாள், வாசலிலேயே மாற்றுவாள். கை வெடித்துப்போய் கரண்டியைக்கூடப் பிடிக்க முடியவில்லை. நாற்றம் என் மேல் ஒட்டும் என்று தனியாகப் படுத்தாள். எனக்கு அந்த நாற்றம் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னேன். உண்மைதான்.

பிறகு ஒருநாள் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"நான்தான் தூக்கிட்டுப் போறேனோ என்னவோ. எனக்குத் தெரியாம. பாக்கி இருந்தது இது ஒண்ணுதான்" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "கோழிக்கால் மாதிரி இருக்குதா?"

"நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

என் நெஞ்சில் முகத்தை வைத்து அழுதாள். நுண்ணோக்கியில் குனிந்தபோது என் கைமேல் விழுந்த முடி அது. அன்று ஜாடியைத் தூக்கிப் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். நீங்கள் நம்ப வேண்டும். ஆனால் அதே வாரம் பண்ணையிலிருந்து பேசினார்கள். எவ்வளவு நாளானாலும் சரி, இடத்தை அவளுக்காக வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றபடி தலையாட்டிக்கொண்டே இருந்தாள். முகத்தில் பழைய வெளிச்சம் வந்தது. ஜாடி இருந்த இடத்திலேயே இருந்தது.

டாக்டர் முதல் நாளே ஒரு விஷயம் சொல்லியிருந்தார். குதிரையின் காலடியில் உட்காரக் கூடாது. குத்துக்காலிட்டு, பாதம் தரையில் ஊன்றி, எந்த நேரமும் எழுந்து நகரத் தயாராக இருக்க வேண்டும். அவள் அப்படித்தான் இருப்பாள். ஆனால் மாதக்கணக்கில் குந்திக் குந்தி அவள் முட்டி வீங்கிவிட்டது. எழுந்திருக்கும்போது சுவரைப் பிடிப்பாள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஒரு குட்டையான மர ஸ்டூல் வாங்கிக் கொடுத்தேன். "பொண்டாட்டி மேல அக்கறை வந்துருச்சு சார்வாளுக்கு" என்றாள். அவளுக்கு அது பிடித்திருந்தது.

அன்று காலையில் அவள் கம்பளியின் பின்னங்கால் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நான் முன்னங்காலுக்குக் காற்றுக் காட்டிக்கொண்டிருந்தேன். கம்பளியின் தோல் அப்போது நைந்துபோயிருந்தது. கை வைத்தாலே உடம்பு நடுங்கும். அவள் அதனிடம் பேசிக்கொண்டே பொருக்கை எடுத்தாள். "அவ்வளவுதான்டா, இது ஒண்ணுதான்டா, முடிஞ்சுதுடா." டிரையர் சத்தத்தில் எனக்குப் பாதிதான் கேட்டது.

குதிரை உதைத்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நீங்களும் ரிப்போர்ட்டில் அப்படித்தான் எழுதி வைத்திருப்பீர்கள். அது உதைக்கவில்லை. அதற்கு அரித்தது. காலைத் தூக்கியது. தூக்கிய காலைக் கீழே வைத்தது. வைத்த இடத்தில் அவள் இருந்தாள்.

நான் டிரையரை அணைத்தேன். முதலில் அதைத்தான் செய்தேன். பிறகு சத்தமே இல்லை. கம்பளி அசையாமல் நின்றது. அவ்வளவு அரிப்போடு அது காலைத் தூக்காமல் நின்றது. ஆட்கள் வந்து அவளை எடுக்கும்வரை அப்படியே நின்றது.

அவளுடைய ஒரே தங்கச்சி ஊரிலிருந்து வந்தாள். குதிரையைச் சுட்டுவிட வேண்டும் என்று பள்ளி முதலாளி சொன்னார். தங்கச்சிதான் அவரோடு சண்டை போட்டாள். "எங்க அக்கா உயிரைக் கொடுத்து வளர்த்தது. அதைத் தொட்டா நான் சும்மா இருக்கமாட்டேன்" என்றாள். பண்ணைக்காரர்கள் அவள் அக்காவுக்காகக் கம்பளியைத் தாங்களே வைத்துப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். பழைய நிபந்தனைதான், கால் சுத்தமாக வேண்டும். தங்கச்சி தன் வேலைக்கு நீண்ட லீவு சொல்லிவிட்டாள். "மாமா, இவன் காலைச் சரி பண்ணி அங்க கொண்டுபோய் விட்டுட்டுத்தான் நான் ஊருக்குப் போவேன். அக்கா ஆசைப்பட்ட இடத்துல அவனாச்சும் இருக்கட்டும்" என்றாள். எங்கள் வீட்டில் தங்கினாள்.

அவளுக்குக் குதிரை பழக்கமில்லை. நான் சொல்லிக்கொடுத்தேன். பொருக்கை எப்படி ஊறவைப்பது, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மருந்து. அவளும் வேலை செய்யும்போது பேசுவாள். அக்காவைப் பற்றிப் பேசுவாள். கழுதையிலிருந்து தள்ளிவிட்ட கதையை அவள் வேறு மாதிரி சொல்வாள், அதில் அக்காதான் விழுவாள். குரல் மட்டும் அதே குரல். நான் டிரையரைக் குறைத்து வைத்துக்கொண்டு கேட்பேன். வீட்டுக்கு வந்தால் இரண்டு தட்டு இருக்கும். மறுபடி சமையல் சத்தம் இருக்கும். நான் அவளைத் தப்பாக ஒரு பார்வை பார்த்ததில்லை. அதை அவளே சொல்வாள், கேட்டுப் பாருங்கள்.

கம்பளியின் கால் தேறியது. தங்கச்சி ஊருக்கு டிக்கெட் பார்க்கத் தொடங்கினாள். பண்ணையிலிருந்து வண்டி அனுப்புவதாகச் சொன்னார்கள். அந்த வாரம் மறுபடி பூச்சி வந்தது.

இந்தத் தடவை நான் கவனமாக இல்லை. முன்பெல்லாம் செதிலை மட்டும் உதறுவேன். இந்த முறை ஜாடியிலிருந்த முடியும் கொஞ்சம் சேர்ந்து விழுந்துவிட்டது. டாக்டர் சுரண்டி எடுத்ததில் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளை முடி வந்தது. கம்பளியின் காலில் அப்போது நகத்தளவுகூட முடி இல்லை. அவர் அந்த முடியைத் தாளில் வைத்துக்கொண்டு மில்லுக்கு வந்தார். "தம்பி, இது எந்தக் காலுது?" என்றார். நான் ஜாடியைக் காட்டினேன். அவர் கேட்டதும் சொல்லிவிட்டேன். அதற்கு முன் யாரும் என்னைக் கேட்டதில்லை.

அவர் இந்தத் தடவையைப் பற்றி மட்டும்தான் கேட்டார். நீங்களும் அப்படித்தான் கேட்டீர்கள். முன்னால் நடந்ததெல்லாம் நானாகச் சொல்வது. சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியது. வாளி புல்லை எரித்தார். டாக்டரின் மருந்தில் தப்பு இல்லை. அவள் கையிலும் ஒன்றும் இல்லை, தலைமுடியிலும் ஒன்றும் இல்லை. அவள் எந்தக் காலடியில் உட்கார்ந்திருந்தாளோ அந்தக் காலில் அரிப்பை வைத்தது நான். நான் வைத்ததுதான் அவள் மேல் வந்து இறங்கியது. இதை நான் புரிந்துகொள்ளவில்லை என்று நீங்கள் நினைக்க வேண்டாம். படித்தவன்தான்.

அது தெரிந்தும் தங்கச்சி விஷயத்தில் ஏன் மறுபடி செய்தாய் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் இரண்டும் ஒன்றில்லை. அக்கா விஷயத்தில் எனக்கு அனுபவம் இல்லை. இந்த முறை எல்லாவற்றையும் யோசித்துச் செய்தேன். சிட்டிகையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டேன். தங்கச்சியை ஒருநாளும் உட்காரவிட்டதில்லை. அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நான் பக்கத்திலேயேதான் இருந்தேன்.